விசில் ஊதும்வரை நகரக் கூடாது

முழங்கால் வலி உள்ளவன் டப்பா ஒளிக்கும் பொறுப்பை ஏற்கக் கூடாது. பணி ஓய்வு பெற்ற அன்றே இதை நான் உணர்ந்திருக்க வேண்டும். வாழ்நாள் முழுவதும் பூகோளம் கற்பித்தவனுக்கு மலைகள் எங்கெங்கே உள்ளன என்பது தெரியும். அவற்றில் ஏறி இறங்குவதற்கு வேறு சில உறுப்புகளும் வேண்டும் என்பது சற்றுத் தாமதமாகவே தெரியவரும்.

செயலாளர் அப்துல் மஜீத் அவர்களே, பங்காரம்மா அவர்களின் முதலாண்டு நினைவுக்கான இரங்கல் தீர்மானத்தின் வரைவை, வழக்கம்போலப் பிழை திருத்தித் தருமாறு எனக்கு அனுப்பியிருந்தீர்கள். சந்திப் பிழைகளைத் திருத்திவிட்டேன். 'அன்னாரது' என்னும் சொல் ஒரே பத்தியில் திரும்பத் திரும்ப வருகிறது, ஒன்று போதும். இவை தவிரச் செய்திப் பிழைகளும் இருக்கின்றன. பங்காரம்மா அவர்கள் இறுதிவரை டப்பாவைக் கண்டடையவில்லை என்பது ஒன்று. அவருடன் இணையாகச் சென்ற அன்புமணி அவரைத் தனியே விட்டு அகன்றதே மரணத்திற்குக் காரணம், ஆதலால் அன்புமணியைக் கழகத்திலிருந்து நீக்குகிறோம் என்பது மற்றொன்று. சந்திப் பிழையைத் தாளின் ஓரத்தில் குறித்துவிடலாம். இவற்றைத் திருத்துவதற்கு ஓரம் போதவில்லை. ஆகவே தனித்தாள் எடுத்துக்கொண்டேன்.

இது கழகத்திற்கு வெளியே உள்ளவர்கள் கைக்கும் போகக்கூடும். போக வேண்டும் என்றே நினைக்கிறேன். எனவே நீங்கள் அறிந்தவற்றையும் எழுத நேர்கிறது, பொறுத்தருள்க.

கோவை புதையல் தேடுவோர் கழகம் என்று பெயர் வைத்தவன் நான். யோசனை உங்களுடையது. வெளிநாட்டில் சிலர் காட்டிலும் மேட்டிலும் பெட்டியை ஒளித்துவைத்து, திசைகாட்டியும் குறிப்பும் கொடுத்து மற்றவர்களைத் தேடவிடுகிறார்கள் என்று ஏதோ ஓர் ஆங்கில வார இதழில் படித்துவிட்டு என் வீட்டுக்கு வந்தீர்கள். "சார், நம்மூர்ல இதைச் செஞ்சா என்னங்க? ஞாயித்துக்கெழமையானா டிவி முன்னால ஒக்காந்து தொப்பை வளக்கறதுக்கு இது தேவலைங்களே" என்றீர்கள். என் வயிற்றைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னீர்கள். மாதம் ஒரு ஞாயிறு என்று தொடங்கினோம். பச்சை வண்ணம் பூசிய பால்மாவு டப்பா, அதனுள் கடலை மிட்டாய். மேட்டுப்பாளையத்துப் பாக்குத் தோப்பு, சூலூர்க் குளக்கரை, சென்னிமலைப் படிக்கட்டு என்று ஊர் ஊராகப் போனோம். டவுன் பஸ்ஸில் வந்தவர்களும் மாருதி வேனில் வந்தவர்களும் ஒரே புதருக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்கும் காட்சி கோயமுத்தூரில் வேறெங்கும் கிடைத்திராது.

விதிகளை இயற்றியவனும் நானே. இருவர் இருவராகத் தேட வேண்டும். ஒளித்தவர் டப்பா இருக்குமிடம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நாற்காலி போட்டு அமர வேண்டும். ஆனால் அதை நோக்கி அமரக் கூடாது. அவர் கழுத்தில் விசில் தொங்கும். தேடல் முடியும்வரை அவர் வாய் திறந்து ஒன்றும் பேசலாகாது. கண்டுபிடித்தவர் டப்பாவைத் தலைக்குமேல் தூக்கிக் காட்ட வேண்டும். ஒளித்தவர் விசில் ஊதுவார். ஊதும்வரை கண்டுபிடித்தவர் அவ்விடத்தை விட்டு நகரக் கூடாது; நகர்ந்தால் கண்டது செல்லாது. சூலூரில் ஒருவர் டப்பாவை எடுத்துக்கொண்டு நேரே கார் அருகில் வந்து நின்றதும், எங்கே எடுத்தார் என்பதில் இரு குடும்பங்கள் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். அதன் பிறகு நான் சேர்த்த விதி இது. "சட்டம்னா இப்படி இருக்கோணுங்க சார்" என்று பாராட்டினீர்கள்.

எவராலும் கண்டுபிடிக்க முடியாதபடி ஒளித்தவருக்கு ஆண்டுவிழாவில் ஒரு கோப்பை உண்டு. வெள்ளி முலாம் பூசியது. உயரம் ஒரு சாண் இருக்கும். நான் எழுதப்போகும் யாவும் அந்த ஒரு சாணுக்காக நடந்தவை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய காரணம் ஏதும் வரும் என்று நீங்கள் எதிர்பார்த்துப் படிக்க வேண்டா.

கணவர் காலமான பின் மோட்டார் பம்பு கடையைத் தனியே நடத்திய பெண்மணி என்று பங்காரம்மாவைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். சரியே. ஆனால் அவர் தேடும் முறையைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. என் குறிப்புகளை நான் செய்யுளிலேயே எழுதுவேன். மற்றவர்கள் மரத்தடியில் அமர்ந்து அவற்றைப் பதம் பிரித்துக்கொண்டிருப்பார்கள். பங்காரம்மா மூக்குக்கண்ணாடியைக்கூட எடுக்கமாட்டார். "பாட்டைப் படிக்காதீங்க கண்ணு, வாத்தியாரைப் படிங்க" என்பார். சென்னிமலையில் கூட்டத்தின் நடுவில் நின்று அவர் சொன்னது இது: "வாத்தியாருக்கு முட்டி வலி. குனியவும் மாட்டாரு, ஏறவும் மாட்டாரு. எல்லாரும் இடுப்பு ஒசரத்துல தேடுங்க, கெடைக்கும்." கிடைத்தது. படிக்கட்டின் பக்கச் சுவர்ப் பொந்தில், என் இடுப்புக்கு நேராக. அனைவரும் சிரித்தனர். நானும் சிரித்தேன். வகுப்பறையில் நாற்காலியோடு விழுந்த ஆசிரியன் எழுந்து சிரிக்கும் சிரிப்பு ஒன்று உண்டு. அது எனக்குப் பழக்கமானது.

அவர் தீயவர் அல்லர். என் வீட்டுக் கிணற்று மோட்டார் நின்றபோது, தம் கடையின் மெக்கானிக் அன்புமணியை அனுப்பிச் சரிசெய்து கொடுத்து, "வாத்தியாருகிட்டயெல்லாம் காசு வாங்கறதுங்களா" என்று மறுத்துவிட்டார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆனி மாதத் தேடல் தொண்டாமுத்தூருக்கு மேற்கே ஒரு தென்னந்தோப்பில் என்று முடிவாயிற்று. ஒளிக்கும் முறை என்னுடையது. இம்முறை இடுப்பு உயரம் கூடாது என்று உறுதி பூண்டேன். தோப்பின் மேற்கு எல்லையில் ஒரு பள்ளம் ஓடுகிறது. மலையிலிருந்து இறங்கி நொய்யலை நோக்கிச் செல்வது. கரை இருபுறமும் செங்குத்தான செம்மண். அடியில் மணலும், கணுக்கால் நனையாத நீரும். நடுவில் ஒரு கல். கரையோரம் ஒரு மருதமரம். அடிமண் அரிக்கப்பட்டு வேர்கள் அந்தரத்தில் நின்றன. அவ்வேர்களுக்குள் டப்பாவை வைத்தேன். இறங்கும்போது அமர்ந்த நிலையில் சறுக்கினேன். ஏறும்போது நான்கு கால்களில் ஏறினேன். ஒரு காகத்தைத் தவிர அதை எவரும் பார்க்கவில்லை என்று நம்பினேன்.

உறுப்பினர்கள் கூடியதும் யானைகளைப் பற்றி எச்சரிக்கை செய்தேன். தோப்புக்குள் யானை வருவதற்கான அறிகுறிகள், வந்தால் எத்திசையில் ஓடுவது, எதை ஓட்டத்தின்போது கீழே போடுவது என்று நீண்ட நேரம் பேசினேன். சிலர் கொட்டாவி விட்டனர். பள்ளத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொன்னால் டப்பா இருக்குமிடம் தெரிந்துவிடும் அல்லவா?

பிறகு செய்யுளைப் படித்தேன்.

*நீரறியும் நெடுமரம் நின்றபடி கால்தூக்கும்;*
*வேரறிந்து தேடுவோர் விரும்பியதைப் பெறுவாரே.*

"ஏனுங் வாத்தியாரே, மரம் காலைத் தூக்குதுங்களா?" என்றார் பங்காரம்மா. "நாயாட்டவா?"

"அக்கா, நாய் மரத்துக்கிட்டப் போயிக் காலைத் தூக்கும். மரம் யாருகிட்டப் போயித் தூக்கும்?" என்றான் அன்புமணி. அவன் என்னிடம் படித்தவன். அன்றும் பின்வரிசையிலிருந்து இப்படித்தான் பேசுவான்.

தென்னை மரங்கள் அதிரும்படி அனைவரும் சிரித்தனர். நான் திரும்பி என் நாற்காலியை நோக்கி நடந்தேன். திரும்பியது தவறு. என் வேட்டியின் பின்புறம் முழுவதும் செம்மண் அப்பியிருந்தது எனக்குத் தெரியாது. பங்காரம்மா அதைப் பார்த்தார். பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். அவர் சிரிப்பை நிறுத்தினால் விடை கிடைத்துவிட்டது என்று பொருள்.

அவர் அன்புமணியிடம் தாழ்ந்த குரலில் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். "கண்ணு, நீ அந்த வாய்க்கா மேட்டுப் பக்கம் ஓடு. வேகமா ஓடோணும். உனக்கு என்னமோ தெரிஞ்சுபோச்சுன்னு எல்லாரும் உம்பின்னால வரோணும்."

"நீங்கக்கா?"

"நான் இப்படிக்கா காத்தாட நடக்கறேன். போ, போ."

அவன் ஓடினான். அனைவரும் அவன் பின்னால் ஓடினர். நீங்களும் ஓடினீர்கள். ஆக, அவன் அவரை விட்டு அகலவில்லை. அவர் அனுப்பினார். இரண்டாம் பிழைக்கான திருத்தம் இது.

பங்காரம்மா நேரே பள்ளத்துக்கு வந்தார். கரையில் நான் சறுக்கிய தடம் வாழைமட்டையால் இழுத்ததுபோல் பளபளப்பாக இருந்தது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அதே தடத்தில் சறுக்கி இறங்கினார். வேருக்குள் கையை விட்டார். டப்பாவை எடுத்துத் தலைக்குமேல் தூக்கினார்.

"ஏனுங் வாத்தியாரே! ஆச்சுங்க, ஊதுங்க!"

முதல் பிழைக்கான திருத்தம் இது. நான் செய்யுள் இயற்ற எடுத்துக்கொண்ட நாழிகையில் பத்தில் ஒரு பங்குகூட அவருக்கு ஆகவில்லை.

அப்போது வெயில் என் கண்ணில் பட்டது. குடையைச் சற்றுச் சாய்த்துக்கொண்டேன்.

குடைக்குப் பின்னால் பிளாஸ்கைத் திறந்து காப்பி ஊற்றிக்கொண்டேன். தோப்பில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கடையில் வாங்கிய மோட்டார்தான். வந்து இறங்கியதும் அதன் ஓசையைக் கேட்டு, "நம்ம புள்ளைங்க" என்று பெருமையாகச் சொன்னார். அவ்வோசையில் அவர் குரல் வாய்க்கால் மேடுவரை போகவில்லை. எனக்கு மட்டும் கேட்டது.

"தூங்கிப் போட்டீங்களா வாத்தியாரே? செம்மண்ணு வேட்டியோட தூங்காதீங்க, தொவைச்சாலும் போகாதுங்க."

காப்பி சூடாக இருந்தது. ஆற்றிக் குடித்தேன்.

என் எண்ணத்தை இங்கே தெளிவாக எழுதிவிடுகிறேன். அவருக்குத் தீங்கு நேர வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அவர் சலித்துப்போய் மேலே ஏறி வர வேண்டும் என்று நினைத்தேன். விசில் ஊதுமுன் நகர்ந்தால் கண்டது செல்லாது. ஒரு விதி எதற்காக இருக்கிறதோ அதற்காக அதை நான் பயன்படுத்த எண்ணினேன். அவ்வளவே. ஆனால் அவர் சலிப்பவர் அல்லர். கல்லின்மேல் அமர்ந்துகொண்டார். டப்பாவைத் திறக்கும் ஓசை கேட்டது. "மிட்டாய் நல்லாருக்குதுங்க. கடையை மட்டும் சரியாப் புடிச்சுப்போட்டீங்க" என்றார்.

குடை விளிம்பின் கீழாகப் பள்ளத்து நீர் எனக்குத் தெரிந்துகொண்டிருந்தது. தெளிவாக இருந்த நீர் தேநீர் நிறமாயிற்று. பின்னர் செந்நிறமாயிற்று. முதலில் நுரை வந்தது, பிறகு சருகு, பிறகு பச்சை இலையோடு முறிந்த கிளை. மேற்கே மலை காலையிலிருந்தே கறுத்திருந்தது. தோப்பில் ஒரு துளியும் விழவில்லை. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலையில் கொட்டிவிட்டு வெறுங்கையோடு நம் பக்கம் இறங்கும், ஆனால் நீர் வெறுங்கையோடு இறங்காது என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதியவன் நான். மலையில் மழையென்றால் பள்ளத்தில் கால்வைக்காதே என்று எழுதி அடிக்கோடும் இட்டிருக்கிறேன். தேர்வில் அடிக்கடி கேட்கப்படும் வினா அது.

"தண்ணி வருதுங்க வாத்தியாரே. ஊதிப்போடுங்க, ஏறிக்கறேன்."

நல்லது, இப்போது ஏறிவிடுவார் என்று எண்ணினேன். சலிப்பு செய்யாததை நீர் செய்யும். விசிலை எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன். விசில் வாயில் இருந்தால் பேச்சு வராது. விதி காப்பாற்றப்படும்.

அவர் கல்லின்மேல் ஏறி நின்றார். டப்பாவை இன்னும் உயரமாகத் தூக்கினார். "நான் நகரமாட்டனுங்க! உங்க சட்டந்தானுங்க!" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். என்னைக் கேலி செய்வதில் அவருக்கு அத்தனை நம்பிக்கை இருந்தது. நான் ஊதிவிடுவேன் என்று அவர் கடைசிவரை ஐயுறவில்லை என்றே நினைக்கிறேன். ஒருவர் என்மீது இவ்வளவு நம்பிக்கை வைத்தது அபூர்வம். அதைக் கவனிக்க அப்போது நேரமில்லை.

பிறகு வந்த நீர் வேறு. முதலில் கல் தெரியவில்லை. பின்னர் மருதத்தின் வேர்களும் தெரியவில்லை.

அதன் பின்னர் ஊதினேன். நீளமாக, விதிப்படி ஊதினேன். வாய்க்கால் மேட்டிலிருந்து கைதட்டல் கேட்டது. விசில் கேட்டால் கைதட்டுவது நம் வழக்கம். "யாருக்குங்க கெடைச்சுது? பங்காரக்காவுக்குங்களா?" என்று கேட்டுக்கொண்டே நீங்கள்தாம் முதலில் வந்தீர்கள். நான் பள்ளத்தைச் சுட்டினேன். ஆபத்தைக் கண்டு ஊதியதாகச் சொன்னேன்.

அன்புமணி நீருக்குள் குதித்தான். நீங்கள் அவன் சட்டையைப் பிடித்தீர்கள்; கிழிந்து உங்கள் கையோடு வந்தது. கீழே தடுப்பணையில் கிளைகளோடு கிளையாகச் சிக்கியிருந்தவரை அவன்தான் கரைசேர்த்தான். அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து அழுதான். "சார், நீங்க சொல்லிக்குடுத்தீங்களே. மலையில மழைன்னா பள்ளத்துல எறங்கக் கூடாதுன்னு சொல்லிக்குடுத்தீங்களே. நான் அக்காகிட்டச் சொல்லாமப் போயிட்டனே." என் பாடம் நினைவிருப்பதாக ஒரு மாணவன் சொன்னது என் வாழ்நாளில் அதுவே முதன்முறை.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நீங்கள் என் சமயோசிதத்தைப் பாராட்டினீர்கள். அன்புமணியை மட்டும் எல்லோரும் சூழ்ந்துகொண்டனர். ஏன் விட்டுப் போனாய் என்றனர். "அவங்கதானுங்க போகச் சொன்னாங்க" என்றான். ஒருவரும் நம்பவில்லை. அவன் என் பக்கம் திரும்பினான். டப்பா கிடைக்காதவரை தேடல் முடிந்ததாகாது. தேடல் முடியாதவரை ஒளித்தவர் பேசலாகாது. நான் பேசவில்லை. இவ்வளவு கண்டிப்பாக விதியைக் கடைப்பிடித்தவர் கழகத்தில் வேறு எவரும் இலர்.

டப்பா அவர் கையில் இல்லை. வெள்ளம் வடிந்த பின் நான் தனியே சென்று பள்ளத்தின் ஓரமாகத் தேடினேன். முள்ளுக்குள் சிக்கியிருந்தது. குனிந்தும், மண்டியிட்டும், படுத்தும் எடுத்தேன். நானாகத் தேடி ஒரு டப்பாவைக் கண்டுபிடித்தது அதுவே முதன்முறை. விசில் ஊதுவதற்குத்தான் ஆளில்லை. மூடி இறுக்கமாக இருந்ததால் உள்ளே நீர் புகவில்லை. மிட்டாய்களுள் ஒன்று பாதி கடிபட்டிருந்தது. அவர் கண்டுபிடித்தார் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டா. டப்பாவை அப்படியே வைத்திருக்கிறேன். இத்துடன் வருகிறது.

எவராலும் கண்டுபிடிக்கப்படாத டப்பா என்பதால் ஆண்டுவிழாவில் கோப்பை எனக்குக் கிடைத்தது. பங்காரம்மாவுக்கு அதை அர்ப்பணிப்பதாகப் பேசினேன். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டனர். பேச்சு நன்றாகவே அமைந்திருந்தது.

சென்ற வாரம் மேட்டுப்பாளையம் போயிருந்தேன். காய்கறி மண்டியில் உருளைக்கிழங்கு மூட்டையைத் தலையில் சுமந்துகொண்டு ஒருவன் எதிரே வந்தான். அன்புமணி. பங்காரம்மாவின் மகன் அவனைக் கடையிலிருந்து நிறுத்திவிட்டதும், வேறு எந்தப் பம்பு கடையிலும் அவனைச் சேர்க்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். நம் கழகத்தின் பேச்சு அந்த அளவுக்கு ஊரில் மதிக்கப்படுகிறது. அவன் மூட்டையை இறக்கிவைத்தான். எனக்கு வணக்கம் சொல்வதற்காகவே இறக்கிவைத்தான் என்பதைக் கவனித்தேன். கைகூப்பினான். "நல்லா இருக்கீங்களா சார்? முட்டி இப்ப எப்புடீங்க?" என்று கேட்டான்.

தேவலை என்றேன். அவன் மூட்டையை மீண்டும் தூக்க நான் ஒரு கை கொடுக்க முனைந்தேன். "வேண்டாங்க சார், நீங்க குனியாதீங்க" என்றான்.

வீட்டுக்கு வந்தபோது உங்கள் வரைவு வந்திருந்தது.

என் தாளிலும் ஒரு பிழை இருக்கிறது. வெயில் கண்ணில் பட்டது என்று மேலே எழுதியிருக்கிறேன். அது முற்பகல். கதிரவன் கிழக்கே. பள்ளம் எனக்கு மேற்கே; அவர் அழைத்ததும் அதை நோக்கித் திரும்பியிருந்தேன். வெயில் முதுகில்தான் பட்டிருக்க முடியும். என் மாணவன் ஒருவன் இப்படி எழுதியிருந்தால் பெஞ்சின்மேல் நிற்கவைத்திருப்பேன். கண்ணில் பட்டது வெயிலன்று. அவர் முகம். வென்ற முகம்.

ஆகவே வரைவில் 'அன்புமணியின் பொறுப்பின்மையால்' என்பதை நீக்கிவிட்டேன். 'எதிர்பாராத வெள்ளத்தால்' என்பதையும் அடித்திருக்கிறேன். அவ்வெள்ளத்தை எதிர்பார்த்தவர் ஒருவர் இருந்தார். அவ்விடத்தில் 'அங்கப்பனால்' என்று என் பெயரை எழுதியிருக்கிறேன். வாக்கியம் சரியாக இருக்கிறது. இதைப் பங்காரம்மாவின் மகனிடமும் காவல் நிலையத்திலும் நீங்களே சேர்ப்பிக்க வேண்டும். நான் வீட்டில்தான் இருப்பேன். ஓடிவிடுவேன் என்ற அச்சம் எவருக்கும் வேண்டா. முழங்கால் இடம் கொடுக்காது.

கோப்பையையும் கொடுத்தனுப்புகிறேன். என் பெயரை அழித்துவிட்டு அவர் பெயரைப் பொறியுங்கள். அதுவே முறை. அடியில் சிறிது இடம் எஞ்சினால், ஒளித்தவர் அங்கப்பன் என்று சிறிய எழுத்தில் போடலாம். எப்படிப் பார்த்தாலும் அது நல்ல இடம். வேட்டியில் மட்டும் மண் ஒட்டாதிருந்தால், அவரால் அதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது.